மூணு பேரோட வாங்க

ரொட்டிக்காரர் குச்சி என்கிற அந்தப் பெண்ணைத் "திருடி" என்று சொல்லியிருந்தால்கூட அவள் ஒரு வாரம் அழுதுவிட்டு விட்டிருப்பாள். அவர் சொன்னது அதைவிட மோசம். வெள்ளிக்கிழமைக் காலை, வாசல் வரைக்கும் வரிசை நீண்டிருந்த நேரத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கசங்கிய தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வேணும்னே பண்ணியிருக்கா! எங்க வேதத்துல ஆகாதுன்னு தெரிஞ்சே பண்ணியிருக்கா! அம்மா எப்படியோ பொண்ணும் அப்படி!"

வரிசையில் நின்ற அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. குச்சிக்குப் பதினாறு வயது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, அதனால்தான் அந்தப் பெயர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அந்தக் கடையில் பொட்டலம் கட்டுவாள். அவளுடைய அம்மா அங்கேயே ஆறு வருடமாகத் தரையும் தட்டும் மாவுத் தொட்டியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக்காரர் யூதர். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேரும் யூதர்கள். அவர்கள் இறைச்சியையும் பாலையும் சேர்க்க மாட்டார்கள். ஒரே வேளையில் தின்ன மாட்டார்கள், ஒரே பாத்திரத்தில் சமைக்க மாட்டார்கள். ரொட்டி எதனோடும் தட்டுக்கு வந்துவிடும் என்பதால், மாவு பிசைகிற அறைக்குள் பால், வெண்ணெய், சீஸ் என்று எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அம்மா குச்சியிடம் சொல்லிவிட்டாள்: "டீ குடிக்கணும்னா தெருவுக்குப் போய்க் குடி. வாயைத் துடைச்சிட்டு உள்ள வா."

எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வாரம் இரண்டு முறை ஒரு பரிசோதகர் வருவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குப்பைக் கூடை வரைக்கும் குடைவார். அன்று மாவுத் தொட்டிக்கு நேர் கீழே அவர் கையில் சிக்கியதுதான் அந்தத் தாள். சீஸ் சுற்றி வந்த தாள். வெள்ளி சாயந்திரம் அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்கும். அந்த இரவுச் சாப்பாட்டுக்கென்று பின்னல் போட்டுச் சுடுகிற ரொட்டி முந்நூறும் அப்படியே குப்பைக்குப் போனது. தீட்டுப் போவதற்காக அடுப்பை வெறுமனே செக்கச் செவேலென்று எரிய விட்டார்கள். முந்நூறு வீட்டுக்கு ரொட்டி இல்லை. ரொட்டிக்காரரின் கோபத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

"கடைசியா உள்ள போனது யாரு?" என்றார்.

"குச்சிதான். அட்டைப்பெட்டி எடுக்கப் போனா," என்றான் மச்சான். ரொட்டிக்காரரின் மனைவிக்குத் தம்பி அவன். கடை வேனை ஓட்டுகிறவன். சொல்லிவிட்டு வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "முதலாளி, என் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா." ரொட்டிக்காரர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா கடை மேலங்கியைக் கழற்றி, நான்காக மடித்து, கல்லா மேல் வைத்தாள். குச்சிக்கு அதுவரை அழுகை வரவில்லை. அந்த மடிப்பைப் பார்த்ததும் வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பேட்டையில் அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இருந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு மதிய ஷிப்ட் கிடைத்தது. ரத்தக் கறை படிந்த விரிப்புகளைக் கொதிநீரில் அலச வேண்டும். பத்தே நாளில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் குச்சிக்குப் புதுப் பெயர் விழுந்தது: "ஏய் சீஸு!"

செய்யாத தப்புக்குப் பெயர் வாங்கியாகிவிட்டது, அந்தத் தப்பைச் செய்தே தீர்ப்பது என்று குச்சி முடிவு செய்தாள். கடையில் ஒரு துண்டு சீஸ் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆனால் சும்மா கொண்டுபோய் வீசினால் போதாது. எங்கே வைத்தால் ரொட்டிக்காரருக்கு அதிகமாக வலிக்கும் என்று தெரிய வேண்டும். அதற்காக நூலகத்துக்குப் போனாள். அவர்களுடைய நம்பிக்கைகளையும் சட்டங்களையும் விளக்குகிற தடித்த நீல அட்டைப் புத்தகம் ஒன்று மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது.

நூலகக்காரர் அதைத் துடைத்துக் கொடுத்தபடி கேட்டார். "என்னம்மா, பரீட்சைக்கா?"

"ஆமா சார். ஒருத்தருக்குப் பரீட்சை வைக்கணும்."

தீட்டுப் பட்ட இரும்புப் பாத்திரத்தைக் கொதிநீரில் முக்கி மீட்கலாம், நேரே நெருப்பில் வைத்துப் புழங்குவதைத் தீயில் பழுக்க வைத்து மீட்கலாம், மண்பாத்திரத்துக்கு மட்டும் மீட்சியே கிடையாது, உடைத்துப் போட வேண்டியதுதான் என்று படித்தாள். கடையில் மண்பாத்திரம் எங்காவது இருக்கிறதா என்று மனதுக்குள்ளேயே அலமாரி அலமாரியாகத் தேடினாள். தினமும் பள்ளி விட்டதும் வந்து உட்கார்ந்தாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதி வைத்தாள். ஒரு நாள் பழிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரியில் கண் தடுக்கி நின்றது. நாலு பேர் முன்னால் ஒருவனை அவமானப்படுத்தி அவன் முகம் வெளுக்கும்படி செய்கிறவன், ரத்தம் சிந்தியவனுக்குச் சமம். அப்படி இருந்தது அதில்.

நாலு தடவை படித்தாள். அவர்கள் புத்தகமே தன் பக்கம் நின்று பேசுகிறது! அந்த வரிக்குக் கீழே தாள் ஓட்டையாகும் வரை பேனாவால் கோடு போட்டாள்.

ஐந்தாவது வாரத்து வெள்ளிக்கிழமை, பள்ளி மாடிப்படியில் சுருட்டை வழியை மறித்தாள். ரொட்டிக்காரரின் மகள்; தலையைப் பார்த்தாலே பெயர்க் காரணம் விளங்கிவிடும். கடையில் அவர் கத்திய அந்தக் காலை வரைக்கும் இருவருக்கும் ஒரே பெஞ்சு, மழை வந்தால் ஒரே குடை.

"பேச மாட்டேன்னு தெரியும். காதை மட்டும் குடு. சீஸைத் தின்னது எங்க மாமா."

குச்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எந்த மாமா?"

"எனக்கு என்ன, டஜன் கணக்கிலயா மாமா இருக்காங்க? வேன் மாமாதான். காலைல பசிக்குதுன்னு மாவு ரூம்ல ஒளிஞ்சு நின்னு தின்னிருக்காரு. நேத்து எங்கம்மா மடியில விழுந்து அழுறாரு. பெரிய நாள் வருதுல்ல, பயம் புடிச்சிடுச்சு."

"என் பேரைச் சொல்லும்போது புடிக்கலையா?"

"எங்கப்பாவும் அதைத்தான் கேட்டாரு. கேட்டுட்டு ஒரு அறை விட்டாரு. அப்புறம் அறைஞ்சதுக்கு மன்னிப்புக் கேட்டாரு. எங்க வீட்ல இப்ப சீசன் அப்படி. என் தம்பி நேத்து என் காலைத் தொட்டு சாரின்னான், அஞ்சு நிமிஷத்துல என் சார்ஜரைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

பெரிய நாள் என்றால் யோம் கிப்பூர் என்பது குச்சிக்கு இப்போது சொல்லாமலே தெரியும். வருடத்தின் பாவமெல்லாம் தீருகிற நாள். சாயந்திரம் சூரியன் இறங்குமுன் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அதற்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

"கடவுளுக்குப் பண்ணின தப்பை அன்னைக்குக் கடவுள் மன்னிச்சிடுவாரு," என்றாள் சுருட்டை. "ஆனா மனுஷனுக்குப் பண்ணின தப்புல அவர் கை வைக்கவே மாட்டாரு. யாருக்குப் பண்ணினோமோ அவங்களே மன்னிக்கணும். அதான் எங்கப்பா உன்னைப் பார்க்க வருவாரு."

"நான்தான் உங்க ஆள் இல்லையே."

"எங்கப்பாவுக்கு மனுஷங்கன்னா மனுஷங்கதான்."

"நான் மன்னிக்கலைன்னா?"

"அப்ப அது அவர் தலையிலயே நிக்கும்," என்றாள் சுருட்டை. குச்சி எழுந்தாள். பையைத் திறந்து, வாரக்கணக்கில் ஊறி நாறிக்கொண்டிருந்த பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அடச்சீ! என்னடி அது?"

"உங்க கடைக்கு வச்சிருந்தேன். இனிமே வேண்டாம்."

இதைவிடப் பெரிய ஆயுதம் கைக்கு வந்துவிட்டது. ஒரு சொல். அதை அவள் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்காரர் வந்தார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தலையில் வழக்கமான சின்ன வட்டத் தொப்பி, கையில் ஒரு ரொட்டிப் பெட்டி. எதிர்வீட்டுக் கதவை ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, காதோடு பேசுகிற குரலில் சொன்னார்.

"நான் பண்ணினது பெரிய தப்பும்மா. மன்னிச்சிடு. அம்மாகிட்டயும் நான் கேட்டதா சொல்லிடு. நாளைக்கே ரெண்டு பேரும் வேலைக்கு வந்துடுங்க."

முன்பெல்லாம் குச்சி அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். இப்போது எந்த முறையும் வைக்கவில்லை. "முடியாது," என்று கதவைச் சாத்தினாள்.

ரொட்டியை மொட்டைமாடிப் புறாக்களுக்குப் பிய்த்துப் போட்டாள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அம்மா "போகட்டும் விடு" என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். கையில் பெட்டி இல்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ரெண்டாவது தடவையா கேக்கறேன்மா." மறுபடியும் "முடியாது." இந்த முறை கதவை மெதுவாகத்தான் சாத்தினாள், அவர் முகத்தை முழுசாகப் பார்த்துவிட்டு. நாக்கில் கற்கண்டு வைத்த மாதிரி இனித்தது.

அந்த இனிப்பு புதன் மாலை வரைக்கும்தான் இருந்தது. நூலகத்தில் நீலப் புத்தகத்தை ருசித்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வந்தது. மூன்று தடவை கேட்டும் மன்னிக்காவிட்டால் கேட்டவன் கடமை முடிந்தது, அதற்கு மேல் அவன் கேட்கத் தேவையில்லை, மன்னிக்காதவன்தான் கல்நெஞ்சக்காரன். குச்சிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அதனால்தான் கிழம் எண்ணிக்கொண்டு வருகிறதா? இன்னும் ஒரு தடவை படி ஏறினால் ஆள் விடுதலை, பழி மொத்தமும் இவள் தலையில்!

அப்படியென்றால் மூன்றாவது தடவை கேட்கவே விடக் கூடாது.

அன்று சாயந்திரம் கதவு தட்டப்பட்டபோது விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தாள், கதவுக்கு அடியில் நிழல் தெரியக் கூடாதென்று. தட்டல் நின்றது. நின்ற பிறகும் ஆள் போகவில்லை. வெளியே மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் படி இறங்குகிற சத்தம், ஒவ்வொரு படியாக.

வியாழன் காலையில் சுருட்டை பிடித்துக்கொண்டாள். "நேத்து வீட்ல இல்லையாமே?"

"இல்ல."

"பொய். சரி, அதை விடு. எங்கப்பா தூங்கறதே இல்லடி. போன வருஷம்தான் ரத்தக்குழாய்ல அடைப்புன்னு நெஞ்சுல ஸ்பிரிங் வச்சாங்க. வர்ற வருஷம் யாரு இருப்பா, யாரு போவான்னு அன்னைக்குத்தான் கடவுள் முத்திரை வைக்கிறாருன்னு எங்க நம்பிக்கை. இவருக்கு அதே நெனப்பா இருக்கு. அதுலயும் இந்த வருஷம் பெரிய மரியாதை வேற குடுத்திருக்காங்க. முதல் பிரார்த்தனையில வேதச்சுருளைக் கையில ஏந்திட்டு எல்லாருக்கும் முன்னால நிக்கணும். இருபது வருஷமா ஏங்கினது. 'நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்'னு சுவத்தைப் பார்த்துப் பேசறாரு."

குச்சி அவமானத்துக்குப் பழி வாங்கத்தான் நினைத்தாள். உயிர் போகிற கதை எங்கிருந்து வந்தது? அவர் செத்துப்போனால் அது யார் செய்த வேலை? இவ்வளவு நினைத்தும் மன்னித்துவிட மனம் வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பள்ளி விட்டதும் நூலகத்துக்கு ஓடினாள். அதே பக்கத்தை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தாள். நேற்று கோபத்தில் தாண்டிப்போன ஒரு துண்டு வரி அங்கேயே இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகும் ஒவ்வொரு முறையும் மூன்று பேரை உடன் அழைத்துப் போக வேண்டும்.

குச்சி சத்தமாகச் சிரித்துவிட்டாள். நூலகக்காரர் "உஷ்!" என்றார்.

வெள்ளிக்கிழமை, நாலு மணி. இன்னும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பொழுது இருந்தது. தட்டல் கேட்டவுடனேயே குச்சி கதவை அகலத் திறந்தாள். ரொட்டிக்காரர் பிரார்த்தனைக்குத் தயாராக வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டிருந்தார். அந்த நாளில் தோல் செருப்பு ஆகாதென்பதால் காலில் துணிச் செருப்பு.

"மூணாவது தடவையா வந்திருக்கேன்மா."

"இல்ல. நீங்க இன்னும் ஒரு தடவைகூட வரல."

அவர் விழித்தார்.

"உங்க புத்தகம் என்ன சொல்லுது? போகும்போதெல்லாம் மூணு பேரைக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லுது. நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தீங்க? ரொட்டியைத்தானே?"

"அம்மா..."

"திட்டும்போது கடை முழுக்க ஆள். மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா? மூணு பேரோட வாங்க. அன்னைக்குக் கேட்ட காதா இருக்கணும்."

ரொட்டிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். "இதெல்லாம் எங்க படிச்ச?"

"லைப்ரரியில. உங்களைப் பழி வாங்கறதுக்காகப் படிச்சேன்."

"நல்லாத்தான் படிச்சிருக்க," என்றார். கோபமா மெச்சலா என்று தெரியவில்லை. திரும்பி இறங்கினார்.

வர மாட்டார் என்றுதான் நினைத்தாள். அரைமணி நேரத்தில் படியில் நாலு ஜோடிக் கால்கள் கேட்டன. ரொட்டிக்காரர், அவர் பின்னால் பரிசோதகர், கல்லாவில் உட்காரும் அம்மாள், கடைசியாக மச்சான். இந்தக் கால் ஓசைக்கே எதிர்வீட்டுக் கதவு திறந்துகொண்டது. மேல் மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

ரொட்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "இந்தப் பொண்ணு மேல நான் பொய்ப்பழி போட்டேன். ஊரைக் கூட்டி வச்சு அவமானப்படுத்தினேன். தப்பு இவளோடது இல்ல. எங்க வீட்டு ஆளோடது. விசாரிக்காம கத்தினது என்னோடது."

"கீழ்வீட்டுக்குக் கேக்கல," என்றாள் குச்சி.

கல்லா அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரொட்டிக்காரர் கண்ணை மூடித் திறந்தார். அதே வார்த்தைகளை, கடையில் கத்தின அதே குரலில், மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னார். கடைசியில் குரல் உடைந்தது. மச்சான் தன் துணிச் செருப்பை முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க?" என்றாள் அவனைப் பார்த்து.

"நான்தான் தின்னேன்," என்றான். "பசி."

"சரி," என்றாள் குச்சி. "என்னைச் சொன்னதுக்கு ரெண்டு பேரையும் மன்னிச்சேன்."

மச்சான் பெருமூச்சு விட்டான். "அப்பாடா! வாங்க அத்தான், விரதத்துக்கு முன்னால சாப்பாடு வேற இருக்கு, நேரமாச்சு..."

"இருங்க. எங்கம்மாவையும் சொன்னீங்க."

எதிர்வீட்டுக் கதவு இன்னும் அகலத் திறந்தது.

"உன்கிட்ட சொல்லி விட்டேனேம்மா," என்றார் ரொட்டிக்காரர்.

"நான் என்ன தபால்காரியா? அம்மாவுக்குப் பதிலா நான் மன்னிக்க முடியாது. அதுவும் உங்க சட்டம்தான்."

எல்லாருடைய கண்ணும் பரிசோதகர் பக்கம் போனது. அவர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, குப்பைக் கூடையில் எதையோ கண்டெடுத்தவர் மாதிரி குச்சியைப் பார்த்தார். "பொண்ணு சொல்றது சரி," என்றார்.

"அம்மா எங்க இருக்காங்க?" என்றார் ரொட்டிக்காரர்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். உங்களாலதான் அங்க போனாங்க."

மச்சான் பதறினான். "அத்தான், வேன்ல போயிடலாம், ஆனா திரும்பறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். சாஞ்சப்புறம் வண்டியில ஏறக் கூடாது. முதல் பிரார்த்தனை போச்சு, சுருள் ஏந்தறது போச்சு. சாப்பிடவும் இல்ல. நானும்ல அங்க மாட்டிக்குவேன், திரும்ப நடந்துல்ல வரணும்!"

"நட," என்றார் ரொட்டிக்காரர். "சீஸைத் தின்னது நீதானே."

பரிசோதகரிடம் திரும்பினார். "சுருளை வேற யார் கையிலயாவது குடுக்கச் சொல்லுங்க." அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைக் குச்சி ஒரு அணுவும் விடாமல் பார்த்தாள். இருபது வருட ஏக்கம். அம்மா மேலங்கியை மடித்துவைத்த மாதிரிதான் அவரும் அதை மடித்து வைத்தார்.

வேன் கிளம்பிய சத்தம் கேட்டது. ஜெயித்தாகிவிட்டது. குச்சி கதவைச் சாத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அவர் இன்னும் சாப்பிடவில்லை என்று. இனி நாளை இரவு வரைக்கும் தண்ணீர்கூடக் கிடையாது. நெஞ்சில் ஸ்பிரிங். பாலம் ஏறி இறங்க நடக்கவேண்டிய தூரம்.

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, மங்கத் தொடங்கியபோது சுருட்டை போன் செய்தாள்.

"எங்கப்பா எங்கடி? எல்லாரும் உள்ள போறாங்க. அவர் இடத்துல வேற யாரோ நிக்கறாங்க. என்னடி பண்ணின?"

"சட்டப்படிதான் பண்ணினேன்."

"எங்க சட்டத்தை எங்க மேலயே ஏவி விட்டுட்டியா?" சுருட்டை சிரிக்கிறாளா அழுகிறாளா என்று விளங்கவில்லை. "சூரியன் போகுது. இனிமே நாளைக்கு ராத்திரிதான் போனைத் தொடுவேன். அவருக்கு ஏதாவதுன்னா..." அதோடு நின்றுவிட்டது.

குச்சி கட்டிலில் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் பிடிக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் அம்மா வந்தாள். கால் கழுவினாள், வெடித்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டாள், அதன் பிறகே வாயைத் திறந்தாள்.

"முதலாளி வந்திருந்தாரு."

"உள்ள விட்டாங்களா?"

"வெள்ளை டிரஸ்ஸைப் பார்த்துட்டு டாக்டர்னு நெனச்சு வாட்ச்மேன் சல்யூட் அடிச்சு விட்டுட்டான். மெஷின் ஓடிட்டிருந்தது. பாதியில நிறுத்த முடியாதுல்ல. முக்கால் மணி நேரம் அந்த ஆவியில நின்னாரு, அந்த வேன்காரனோட. அப்புறம் மன்னிச்சிடுங்கம்மான்னு கேட்டாரு. சத்தத்துல கேக்கலைன்னு கையைக் காட்டினேன்."

"நெஜமாவே கேக்கலையாம்மா?"

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். "கேட்டுச்சு."

"அப்புறம்?"

"ரெண்டாவது தடவை மெஷின் நின்ன பின்னால கேட்டாரு. அதுவும் கேட்டுச்சு. ஆனா பக்கத்துல யாரும் இல்லையே. சூப்பர்வைசர் அம்மா, வாட்ச்மேன், இஸ்திரி போடற அக்கா மூணு பேரும் வரட்டும்னு துணியை உதறிட்டே நின்னேன். ஷிப்ட் முடியறப்பதான் அவங்க வந்தாங்க. மூணாவது தடவை கேட்டாரு. அப்பதான் எனக்குக் காதே வந்துச்சு."

குச்சி அம்மாவை வாய் பிளந்து பார்த்தாள். நீலப் புத்தகத்தை வெளிப்பக்கத்திலிருந்துகூடப் பார்க்காதவள்.

"என்ன சொன்ன?"

"ஆறு வருஷம் உங்க மாவுத் தொட்டியைக் கழுவினேன். அன்னைக்கு ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டிருக்கலாமேன்னேன். நின்னாரு. தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. சரி போங்கன்னேன். வேலைக்குக் கூப்பிட்டாரு. வரலைன்னுட்டேன்."

அதற்கு மேல் குச்சியால் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டாள். அவர் முன்பே இரண்டு தடவை வந்தது, புறாக்களுக்குப் போட்ட ரொட்டி, தரையில் ஒளிந்து கிடந்தது, நெஞ்சு ஸ்பிரிங், முத்திரை, சுருள், எல்லாம்.

"நான்தான் அனுப்பினேன்மா. அவருக்கு ஏதாவது ஆயிட்டா? என்னாலதானே? பயமா இருக்கும்மா."

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். அம்மா திட்டவில்லை. "பஸ்ல வரும்போது பார்த்தேன். பாலத்து மேல நடந்துட்டிருந்தாரு. அந்த வேன்காரன் பத்தடி பின்னால நொண்டிக்கிட்டு."

"கையாட்டினியா?"

"ஜன்னல் மூடியிருந்துச்சு."

"திறந்திருக்கலாமே."

"திறந்திருக்கலாம்தான்," என்றாள் அம்மா.

இருவரும் ஜன்னலுக்குப் போனார்கள். பாலத்திலிருந்து வருகிறவர்கள் அந்தத் தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும். வெகுநேரம் யாரும் இல்லை. குச்சி ஜன்னல் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு கேட்டது, சடக், சடக் என்று. விளக்குக் கம்பத்தின் கீழே ஒரு வெள்ளை உருவம் வந்தது. ஒரு துணிச் செருப்பின் அடி பிய்ந்து நாக்குத் தள்ளியிருந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல் நடந்தார். பின்னால் மச்சான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஜன்னலுக்கு நேராக வந்ததும் ரொட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தலையை அசைத்தார். அம்மா பதிலுக்கு அசைத்தாள். குச்சி அசைக்கவில்லை. பிடித்திருந்த சட்டத்தை மட்டும் விட்டாள், விரல்கள் வலித்தன.

சடக், சடக் தெருமுனையில் தேய்ந்தது.

"நெஜமாவே மன்னிச்சிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"வாயால சொல்லிட்டேன்."

"மனசால?"

குச்சி யோசித்தாள். "அவர் முறையா வந்தது ஒரே தடவைதானேம்மா," என்றாள். "இன்னும் ரெண்டு இருக்கு."